விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். கோயிலில் கல்யாணமாகி ஆறு வருடம், பதிவு செய்யவில்லை. நாலு வயதில் ஒரு மகள். சண்டை முற்றி, எட்டு மாதமாக மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறார். தனியார் பள்ளி ஒன்றில் மாதம் 12,000 ரூபாய் சம்பளம். கணவர் வீட்டார் 100 ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு 'விடுதலைப் பத்திரம்' தயார் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து லட்சம் ஒரே தவணையாகத் தருவார்களாம். அதன்பிறகு அவருக்கும் சரி, மகளுக்கும் சரி, எந்தப் பாத்தியதையும் கிடையாதாம். "நீயாக வெளியே போனவள், வேலைக்கும் போகிறாய், கல்யாணத்தைப் பதிவும் செய்யவில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஒரு பைசா வராது" என்கிறார்களாம். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். பணம் குறைவு என்பது இரண்டாவது காரணம்தான். அந்தத் தாள் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே முடிச்சில் கட்டுகிறது. கல்யாணம் முடிவது ஒன்று, உங்கள் ஜீவனாம்சம் ஒன்று, மகளின் பராமரிப்பு ஒன்று. சட்டத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று கணக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது. குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் இருபது வருடத்துக்கு மேல் வக்கீலாக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பெண்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் பேசும் இடத்தில்தான்.

முதலில் கல்யாணக் கணக்கு. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, நோட்டரி முத்திரை குத்திவிட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். ஆகாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் முடிக்கும். சில சமூகங்களில் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு, அதை அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றியும் வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். லேசான வேலை இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான். காவல் நிலையத்தில் சமாதானம் பேசலாம், புகார் வாங்கலாம், ரசீது தரலாம். விவாகரத்து தர முடியாது.

இந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் ஏழெட்டு வருடம் கழித்து வருவார்கள். மடிப்பு கிழிந்து, டேப் ஒட்டிய தாள். சாட்சிகளில் ஒருவர் இறந்திருப்பார், இன்னொருவர் "எனக்கு ஞாபகமில்லை" என்பார். முதல் கல்யாணம் சட்டப்படி உயிரோடு இருப்பதால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. போதாததற்கு, கணவனோ மனைவியோ உயிரோடிருக்க மறுமணம் செய்வது ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 100 ரூபாய்த் தாள் கொண்டுவந்து விடுகிற இடம் இது.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கும், தேடிப் பாருங்கள். "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்ற மாதிரி ஒரு வாக்கியம். படிக்கச் சாதுவாக இருக்கும். ஆனால் ஜீவனாம்சச் சட்டத்தில், கணவனும் மனைவியும் பரஸ்பரச் சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஒரு விதி இருக்கிறது. அதாவது அந்தக் கையெழுத்து உங்களுக்கு விவாகரத்தையும் வாங்கித் தராது, நாளைக்கு நீங்கள் மனுப் போட்டால் உங்களுக்கு எதிராக நீட்ட அவருக்கு ஒரு ஆயுதத்தையும் கொடுத்துவிடும். தாளை எழுதிக்கொடுத்தவருக்கு இது தெரிந்திருந்ததா, பழைய மாதிரியைப் பார்த்துக் காப்பி அடித்தாரா தெரியாது. விளைவு ஒன்றுதான்.

இரண்டு பேருக்குமே பிரிவதுதான் விருப்பம் என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது: இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் பரஸ்பர விவாகரத்து. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி. பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, இரண்டாவது முறை வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே பணம் பேசினால் எந்தத் தேதியில் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று மனுவிலேயே எழுத வைக்க வேண்டும். "கையெழுத்துப் போடு, அடுத்த வாரம் பணம் வரும்" என்ற பேச்சே வேண்டாம்.

ஒருவர் மட்டும் கேட்கிற விவாகரத்து வழக்கு வேறு பாதை. கொடுமை, கைவிட்டுச் செல்வது போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். அதைப் பற்றி இப்போது நீங்கள் யோசிக்கவே தேவையில்லை. ஏனென்றால் விவாகரத்துக் கேட்டால்தான் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது தவறு. கல்யாணம் அப்படியே இருக்க, பணத்துக்கு மட்டும் மனுப் போடலாம். விவாகரத்து ஆனாலும் அந்த உரிமை போகாது. விவாகரத்தான பெண் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சத்துக்கு அவர் 'மனைவி'தான்.

சரி, மகளின் கணக்குக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

மகளுக்கு நாலு வயது. 18 ஆக 14 வருடம், அதாவது 168 மாதம். ஐந்து லட்சத்தை 168ஆல் வகுத்தால் மாதம் 2,976 ரூபாய். அதுவும் முழு ஐந்து லட்சமும் அவளுக்கே என்று வைத்துக்கொண்டால். உங்கள் பங்கு, உங்கள் நகை, கல்யாணச் செலவு என்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்குகிறார்கள். வங்கியில் போட்டால் வட்டி வருமே என்பார்கள். வரும். பள்ளிக் கட்டணமும் வருடா வருடம் ஏறும். எல்.கே.ஜி.க்குக் கட்டிய பணத்தை வைத்துப் பத்தாம் வகுப்பைக் கணக்குப் போட முடியாது.

இதைவிட முக்கியம், அந்தப் பணத்தை 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கே இல்லை. பராமரிப்பு குழந்தையின் உரிமை. நீங்கள் அவளுக்காக வாங்கிச் செலவழிப்பவர், அவ்வளவுதான். உங்கள் பங்கை நீங்கள் நீதிமன்றத்தில் வைத்து விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கலாம். மகள் சார்பில் 'இனி எந்தக் காலத்திலும் கேட்க மாட்டோம்' என்று தாய் எழுதிக் கொடுத்தால் அது குழந்தையைக் கட்டாது. பரஸ்பர விவாகரத்தில்கூட, குழந்தைக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதியிருந்தால் பல நீதிபதிகள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். "படிப்புக்கு என்ன ஏற்பாடு?" என்ற கேள்வி வரும்.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தகப்பனையும் தாயையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. ஆகவே உங்கள் 12,000 ரூபாயும் கணக்கில் வரும், அதை மறைக்காதீர்கள். ஆனால் 12,000 சம்பாதிப்பவரும் அதைப்போல நாலு மடங்கு சம்பாதிப்பவரும் பாதிப் பாதி போட வேண்டும் என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். வருமான விகிதப்படிதான் போகும். குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு விட்டு, காய்ச்சல் வந்தால் லீவு போட்டு உட்கார்ந்திருப்பதும் பங்களிப்புதான். பணமாக வராததால் அது கணக்கில் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடினால் உங்கள் வக்கீல் விடக் கூடாது.

18 வயதோடு முடிந்துவிடுமா? ஜீவனாம்ச மனுவில் பொதுவாக 18 வரைதான். உடல், மனக் குறைபாடு இருந்தால் அதற்குப் பிறகும் உண்டு. ஆனால் மேலே சொன்ன 20ஆம் பிரிவின்படி, தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாத, கல்யாணமாகாத மகள் அதற்குப் பிறகும் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் தெளிவாகச் சொன்னது. அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும். நாளைக்கே நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் மகளுக்கான பணம் நிற்காது. அவள் யாருக்குப் பிறந்தாளோ அவருடைய பொறுப்பு அது.

செலவைச் சொல்லும்போது கஞ்சத்தனம் வேண்டாம். "குழந்தைக்கு மாதம் என்ன ஆகும்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பால், பள்ளிக் கட்டணம் என்று இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். வேன் காசு, சீருடை, வருடத்தில் இரண்டு முறை செருப்பு, மழைக்காலத்தில் டாக்டர், தடுப்பூசி, வாடகையில் அவள் பங்கு, கரண்ட் பில், நீங்கள் வேலைக்குப் போகும்போது அவளைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது கொடுக்கும் பணம், இதெல்லாம் எங்கே? பாட்டி சும்மா பார்த்துக்கொள்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் அரிசிக் கணக்கு எழுதும் பழைய டைரியில் மூன்று மாதச் செலவைத் தேதி வாரியாக எழுதிக்கொண்டு வந்தார். பென்சில் ஷார்ப்னர் ஐந்து ரூபாய் வரைக்கும் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த டைரியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது உங்கள் கணக்கு. 'நீயாக வெளியே போனவள்' என்பது அவர்களுடைய முதல் வாதம். தகுந்த காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுத்தால் ஜீவனாம்சம் இல்லை என்பது உண்மைதான். காரணம் இருந்தால் உண்டு. அடி, குடி, அவமானம், வேறு பெண், வரதட்சணைப் பேச்சு எல்லாம் காரணங்கள். 'சேர்ந்து வாழ வா' என்று அவர் வழக்குப் போட்டு ஜெயித்து, அதன்பிறகும் நீங்கள் போகாமல் இருந்தால்கூட, அந்த ஒன்றை மட்டும் வைத்து ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், இந்த வாதம் உங்களுக்கு எதிராகத்தான். நீங்கள் ஏன் வெளியே போனீர்கள் என்பதற்கும் மகளின் பாலுக்கும் சம்பந்தமே இல்லை.

'வேலைக்குப் போகிறாய்' என்பது இரண்டாவது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத மனைவி என்றால் தெருவில் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கணவன் வீட்டில் எந்த நிலையில் வாழ்ந்தாரோ கிட்டத்தட்ட அந்த நிலையில் வாழ முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் சம்பளத்தால் தொகை குறையலாம், மனுவே விழுந்துவிடாது. மறுபக்கம், மனுப் போட்டதும் கணவர்மார்களுக்கு வேலை போய்விடும் அதிசயம் ஒன்று உண்டு. உடலில் தெம்புள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. 'வேலை இல்லை' என்ற பதிலோடு வீட்டுக்குப் போக முடியாது.

எங்கே மனுப் போடுவது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு இருக்கிறது. எண் மாறியது, சாரம் அதுவேதான். எந்த மதத்தினரும் போடலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. கோர்ட்டில் இதை 'எம்.சி. போடுவது' என்பார்கள், மெயின்டனன்ஸ் கேஸ் என்பதன் சுருக்கம். நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம், அவர் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். நீங்களும் மகளும் மனுதாரர்கள் என்று இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும், தொகையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'எனக்கும் குழந்தைக்கும் சேர்த்து 20,000' என்று மொத்தமாகக் கேட்பது சோம்பேறித்தனமான மனு. நாளைக்கு உங்கள் பங்கு ஏதோ காரணத்தால் நின்றால் மகளின் பங்கும் சேர்ந்து ஆடும்.

கூடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனு கொடுத்துவிட வேண்டும். அவருக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இதை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா ஆகும், மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த இரண்டு விதிகள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, எந்தத் தேதியில் தீர்ப்பு வந்தாலும் மனுப் போட்ட தேதியிலிருந்து பணம் கணக்காகும். வாய்தா வாங்கி இழுப்பவருக்கு நிலுவைதான் ஏறும். இதன் மறுபக்கமும் உண்டு: மனுப் போடாமல் கழித்த எட்டு மாதம் இந்த மனுவில் திரும்பி வராது. இன்னும் நாலு மாதம் பஞ்சாயத்துப் பேசிக் கழித்தால் அந்த நாலும் போச்சு.

இன்னொரு விதி, இரண்டு பேரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களும்தான். இதை ஏதோ சடங்கு மாதிரி நிரப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வழக்கே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை எதிர்மனுதாரர் 18,000 ரூபாய்க்கு சம்பளச் சீட்டு வைத்தார். கூடவே வைத்த வங்கி ஸ்டேட்மென்ட்டில் மாதா மாதம் 5ஆம் தேதி 21,400 ரூபாய் கார் தவணை போயிருந்தது. நீதிபதி விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, "மீதி 3,400 யார் தருகிறார்கள்? சாப்பாடு யார் போடுகிறார்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான் விசாரணை. உங்கள் கணவரிடம் வண்டி என்ன, வீட்டு வாடகை என்ன, வெளியூர்ப் பயணம் என்ன, கடை யார் பெயரில் என்று தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள். கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் சம்பளத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைவிட வக்கீலுக்குத் தெரிந்துவிடாது.

எவ்வளவு கிடைக்கும் என்றும் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். 'சம்பளத்தில் கால் பங்கு' என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. 2017இல் ஒரு தீர்ப்பில், நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து கிளம்பியது அது. அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள், சட்டம் அல்ல. குறையலாம், கூடலாம். அவருடைய பெற்றோர் அவரை நம்பி இருந்தால் அதையும் பார்ப்பார்கள். 'நிச்சயமாக இவ்வளவு வாங்கித் தருகிறேன்' என்று ஒரு வக்கீல் முதல் நாளே தொகை சொன்னால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

அடிதடி நடந்திருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியும் மனுப் போடலாம். பாதுகாப்பு, தங்க இடம், பணம் மூன்றும் அதில் கேட்கலாம். சம்பளக்காரர் என்றால் அவருடைய முதலாளியே நேராக உங்களுக்குப் பணம் அனுப்பும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். இரண்டு இடத்தில் மனுப் போட்டால் ஒன்றை மற்றொன்றில் சொல்லிவிட வேண்டும், ஒரே பணத்தை இரண்டு முறை வாங்க முடியாது. நகை தனி. உங்களுக்குப் போட்டது உங்களுடையது, அது ஜீவனாம்சத்துக்குள் வராது. பீரோவில் அவர்கள் வைத்திருந்தாலும் உங்களுக்காக வைத்திருப்பவர்கள்தான்.

உத்தரவு வாங்கியபின் பணம் வராவிட்டால்? இது நியாயமான பயம். நிறைவேற்று மனுப் போட வேண்டும். வாரண்ட் வரும், சொத்தை ஜப்தி செய்யலாம், அப்போதும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. சிலர் 'உள்ளே போய்விட்டு வந்துவிட்டால் பாக்கி தீர்ந்தது' என்று நினைத்துக்கொள்வார்கள். தீராது. சிறை பணத்தை வசூலிக்கும் வழி, பணத்துக்குப் பதில் அல்ல என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது காலக்கெடுவை. ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த மனு வந்தாக வேண்டும். 'சேரட்டும், மொத்தமாகக் கேட்கலாம்' என்று மூன்று வருடம் விட்டவர்களின் பழைய பாக்கி இந்த வழியில் கைக்கு வராது. காலம் போகப் போகச் செலவு ஏறினால் தொகையை உயர்த்தவும் மனுப் போடலாம்.

மகளை அவர் பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் அவர் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ஆனால் பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுக்காதீர்கள். குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காக அவரும் பணத்தை நிறுத்த முடியாது. பார்க்க வந்த நாளில் கதவைச் சாத்தினால் அது உங்கள் வழக்கில் கறையாக விழும், அவள் மனதில் என்னவாக விழும் என்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், பெரியவர் ஒருவர் கூட இருக்க, என்று நீங்களே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே கிடைக்கும் வக்கீல் மட்டமாக இருப்பார் என்ற பயமும் வேண்டாம். நானும் என் காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான்.

கடைசியாக அந்தப் பதிவு விவகாரம். தமிழ்நாட்டில் கல்யாணத்தைப் பதிவு செய்வது கட்டாயம், 2009ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பதிவு செய்யாததால் கல்யாணம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இந்து திருமணச் சட்டத்திலேயே அது எழுதியிருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் கல்யாணத்துக்கு அவ்வளவு கறாரான ஆதாரமும் கேட்பதில்லை. பத்திரிகை, போட்டோ, ரேஷன் அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், கோயில் ரசீது, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்ற இரண்டு பேர், இதெல்லாம் போதும். மகளுக்கு அதுவும் தேவையில்லை. கல்யாணமே செல்லாது என்று வைத்துக்கொண்டாலும் தகப்பன் தகப்பன்தான், பராமரிப்பு உண்டு.

அதனால் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் பிளாக் செய்து சாட்டைத் துடைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. போனையும் மாற்றாதீர்கள். வழக்கில் மின்னணு ஆதாரம் வைக்க அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், வக்கீல் பார்த்துக்கொள்வார். கல்யாணத்துக்கே ஆதாரம் இல்லை என்பவர் அனுப்பிய அந்தத் தாளை இன்னொரு முறை திறந்து முதல் பத்தியைப் படியுங்கள். இந்த மாதிரிப் பத்திரங்கள் வழக்கமாகத் தொடங்கும் விதத்தில்தான் அதுவும் தொடங்கியிருக்கும்: இன்ன தேதியில், இன்ன கோயிலில், எனக்குத் திருமணமான என் மனைவியும் எங்களுக்குப் பிறந்த மகளும்.